ஒரே நாளில் 24 கையெழுத்து: சமூகப்பணிக் கல்வி குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், பல்கலைக்கழகங்களின் சமூகப்பணிப் பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, அலுவலகத்தைப் பூட்டப்போகிற நேரத்தில் ஒரு பையன் வந்து நின்றான். எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, முதலாம் ஆண்டு. கையில் களப்பணி ரிப்போர்ட் நோட்டு. 24 நாள் ரிப்போர்ட், 24 இடத்திலும் ஏஜென்சி சூப்பர்வைசரின் கையெழுத்து வேண்டும், திங்கட்கிழமை வைவா, வாய்மொழித் தேர்வு. அவனைக் கல்லூரி அனுப்பியிருந்த நிறுவனத்தில் அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் ஜனவரியிலேயே வேலையை விட்டுப் போய்விட்டாராம். அவர் இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. "நீங்க போட்டாலும் சார் ஒத்துக்குவாருக்கா" என்றான்.

நோட்டை வாங்கிப் புரட்டினேன். முழுக்க ஆங்கிலம். ஒவ்வொரு நாளும் "ராப்போ" (பழகி நம்பிக்கையை வளர்ப்பது) கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு போட்டோ, அதன் அடியில் ஜிபிஎஸ் மேப் கேமரா போட்டுக்கொடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், வெயிலின் அளவு. பையன் அந்த இடத்துக்குப் போனான் என்பதற்கு அத்தனை சாட்சியும் இருந்தது. போய் என்ன செய்தான் என்பதுதான் இல்லை. பதினோராம் நாள் பக்கத்தில் ஒரு பாட்டியைப் பற்றி ஒரே வரி: கிளையண்ட் டிப்ரஸ்டாக இருந்தார்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "'அரிசி வேகுற வரைக்கும்தான் இந்த வீட்ல எனக்கு வேலை, அப்புறம் நான் எதுக்குன்னே தெரியல'ன்னு சொன்னாங்கக்கா."

"நீ என்ன கேட்ட?"

"ஒண்ணும் கேக்கலக்கா. என்ன கேக்கணும்னு தெரியல."

பாருங்கள், பையனுக்குக் காது இருக்கிறது. இரண்டு மாதம் கழித்தும் அந்த வாக்கியம் சொல் மாறாமல் அவனிடம் இருக்கிறது. ஆனால் நோட்டில் இல்லை. அவன் காதில் விழுந்தது என்னவென்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. என்ன கேட்டிருக்கலாம் என்று அவனோடு உட்கார்ந்து பேச ஆளில்லை.

24 இடத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். போட்டது தப்புதான். போடாவிட்டால் அவன் ஒரு வருடம் பின்தங்குவான், நிறுவனத்தை விட்டுப் போனவருக்கோ அவரைப் போகவிட்டவர்களுக்கோ எதுவும் ஆகாது. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்த மடல்.

இந்தத் துறைக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சமூகப்பணிப் படிப்பில் பாதி வகுப்பறைக்கு வெளியே நடக்க வேண்டியது. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, அது போக ஊரக முகாம், கடைசியில் ஒரு மாதம் போல ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து இருந்து வேலை பழகும் ப்ளாக் ப்ளேஸ்மென்ட். இவற்றோடு வாரம் ஒருமுறை ஐ.சி. (இன்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்) என்று ஒன்று உண்டு. மாணவரும் ஆசிரியரும் தனியாக உட்கார்ந்து அந்த வாரத்து ரிப்போர்ட்டை வரி வரியாகப் பேசுவது. நான் படித்தபோது என் பேராசிரியை செவ்வாய்க்கிழமை மதியம் கூப்பிடுவார். சிவப்பு மையில் கேள்வியாகப் போட்டுத் தள்ளுவார். "இந்த இடத்தில் நீ ஏன் பேச்சை மாற்றினாய்? உனக்குப் பயமா, அவருக்குப் பயமா?" என்று ஒருமுறை எழுதியிருந்தார். எரிச்சலாக இருக்கும். ஹாஸ்டலில் அவரைத் திட்டாத செவ்வாய்க்கிழமை கிடையாது. நான் கற்றுக்கொண்ட சமூகப்பணி மொத்தமும் அந்த எரிச்சலில் வந்ததுதான். பரீட்சைக்குப் படித்த தியரி எதுவும் இப்போது நினைவில் இல்லை.

இன்றைக்கு அந்த ஐ.சி. எத்தனை கல்லூரியில் உயிரோடு இருக்கிறது? எங்கள் நிறுவனத்துக்கு ஐந்தாறு கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். வந்தவுடன் கேட்பேன். பெரும்பாலும் கிடைக்கிற பதில், "வெள்ளிக்கிழமை எல்லா நோட்டையும் மொத்தமா வெச்சிடணும் மேடம், சைன் ஆகி வந்துடும்." ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. சுயநிதிப் பிரிவில் கௌரவ விரிவுரையாளர் சம்பளத்தில், நாலு பேப்பரும் எடுத்துக்கொண்டு, கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் (NAAC) குழுவுக்கு ஃபைலும் தயாரித்துக்கொண்டு, இருபது பேருக்குத் தனித்தனியாக ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்? வகுப்பெடுத்தால் அது பணிச்சுமைக் கணக்கில் வருகிறது. ஒரு மாணவியோடு உட்கார்ந்து பேசினால் அது கணக்கில் வருவதில்லை, வந்தாலும் பாதியாக வருகிறது. நிறுவனத்துப் பக்கமும் இதே கதைதான். ஏஜென்சி சூப்பர்வைசர் என்ற பொறுப்புக்குக் காசும் இல்லை, பயிற்சியும் இல்லை, ஆண்டு முடிவில் ஒரு சால்வை மட்டும் உண்டு. (என்னிடம் ஏழு சால்வை இருக்கிறது.)

மேற்பார்வை என்றால் நம் ஊரில் வந்து எட்டிப்பார்ப்பது, பதிவேட்டைத் தட்டிப்பார்ப்பது, ஏன் லேட் என்று கேட்பது. எங்கள் தொழிலில் அதற்குப் பொருள் அது இல்லை. இன்னொருவருடைய துயரத்துக்குள் போய்விட்டு வந்தவரோடு, அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, நீ அங்கே என்ன பார்த்தாய், என்ன செய்தாய், வேறென்ன செய்திருக்கலாம் என்று பேசுவது. அந்த ஒரு மணி நேரம் படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை, பதவி உயர்விலும் இல்லை. நான் சொல்ல வந்தது இதுதான்.

வேலைக்கு வருகிறேன். 2012-ல் ஒரு மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் தொகுப்பூதியத்தில் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாவது வாரம் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு அழைப்பு. 16 வயதுப் பெண்ணுக்குக் காலையில் கல்யாணம். நானும் ஒரு பெண் காவலரும் போனபோது பந்தலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது, வீட்டுக்குப் பின்னால் அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நிறுத்தினோம். அப்பா கத்தினார், மாமன்காரர் காலில் விழுந்தார். பாட்டி என் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்து, "நீ யாருடி? போலீஸா? டீச்சரா?" என்றாள். சமூகப்பணியாளர் என்றேன். அவளுக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. பெண்ணை, மீட்ட குழந்தைகளைத் தற்காலிகமாகத் தங்கவைக்கும் வரவேற்பு இல்லத்துக்குக் கூட்டிப்போகிற வழியில், ஜீப்பின் பின்சீட்டில், அதுவரை ஒரு சொல் பேசாத பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்டது: "அக்கா, திரும்பப் போனா என்னை யாரு வீட்டுக்குள்ள விடுவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றேன். பொய் என்று அவளுக்கும் தெரிந்தது.

அடுத்த நாள் அலுவலகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, ஃபார்மட்டில் ரிப்போர்ட் மெயில் பண்ணியாச்சா என்பது. அந்தக் காலாண்டு ரிவ்யூ மீட்டிங்கில் "தடுக்கப்பட்ட குழந்தைத் திருமணங்கள்" என்ற கட்டத்தில் ஒரு எண் கூடியது. அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு நான் அன்று என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்று வரை யோசிக்கிறேன். யோசித்து யோசித்துச் சில விடைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றை இப்போது மாணவர்களிடம் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு உதவியிருக்கும்.

என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இரண்டு வருடத்துக்குள் போய்விட்டார்கள். எங்கே? பெரும்பாலும் கம்பெனி ஹெச்.ஆருக்கு. அந்தக் கதவு எங்கள் படிப்பில் எப்போதும் திறந்தே இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆவது பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. அந்த ஒரு பிரிவினாலேயே தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ. என்றாலே மனிதவளப் பிரிவைத் தேடிப் பிள்ளைகள் வந்தார்கள். சட்டம் ஒரு பதவியைப் பெயர் சொல்லிக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. போனவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இன்றைக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப்பணியாளருக்குத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய். புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592. விளம்பரத்திலேயே "முற்றிலும் தற்காலிகமானது" என்று போட்டுவிடுகிறார்கள். பத்து வருடம் வேலை பார்த்தாலும் அவர் அதே சமூகப்பணியாளர்தான். முதுநிலை என்று ஒரு படி கிடையாது. மேலே போக வேண்டுமென்றால் அதிகாரியாக வேண்டும், அதாவது குழந்தைகளை விட்டுவிட்டு ஃபைலைப் பார்க்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் களத்திலேயே இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு நாற்காலியே போடவில்லை. அப்புறம் அந்தப் பையனுக்குக் கையெழுத்துப் போட ஆள் எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தச் சமூகப்பணியாளர் பணியிடத்துக்குச் சமூகப்பணிப் பட்டம் கட்டாயமில்லை. சமூகவியலோ சமூக அறிவியலோ படித்த பட்டதாரியும் வரலாம். இதைவிட வேடிக்கை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இருக்கிறது. சட்டத்துடன் முரண்பட்ட சிறாரை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரோடு இரண்டு சமூகப்பணியாளர்கள் உட்கார வேண்டும். அந்தச் சமூகப்பணியாளர் யார்? 4-ஆவது பிரிவு சொல்கிறது: குழந்தைகளுக்கான உடல்நலம், கல்வி, நலப்பணிகளில் ஏழு ஆண்டு ஈடுபட்டவர், அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவர். இந்தப் பட்டியலில் சமூகப்பணி இல்லை. சமூகப்பணியாளர் என்ற நாற்காலிக்குச் சமூகப்பணிப் பட்டத்தைத் தவிர மற்ற பட்டங்கள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன! அதே சட்டம் குழந்தைகள் நலக் குழுவுக்கு வரும்போது சமூகப்பணியையும் சேர்த்துக்கொள்கிறது. ஆக, வேண்டாம் என்று விட்டதாகவும் சொல்ல முடியாது. யாரும் கவனிக்கவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

கவனிக்காததற்குக் காரணமும் தெரிந்ததுதான். நம் ஊரில் சமூக சேவகர் என்றால் வெள்ளை வேட்டி, கோயில் கும்பாபிஷேக ஃப்ளெக்ஸில் "பிரபல தொழிலதிபரும் சமூக சேவகருமான". மழை வெள்ளத்தில் பொட்டலம் கொடுப்பவர். நல்ல மனசு இருந்தால் போதும், இதற்குப் படிப்பு எதற்கு என்ற எண்ணம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. "ஊருக்கு உபகாரம் பண்ண ரெண்டு வருஷம் ஃபீஸ் கட்டணுமா?" என்றார் என் அப்பா. நல்ல மனசு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு குழந்தையைத் திரும்ப வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் வைப்பதா என்று குழு முடிவெடுப்பது ஒரு சமூக விசாரணை அறிக்கையை வைத்து. அதை எழுதுகிறவர் அந்த வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்து எதைப் பார்த்தார், எதைக் கோட்டைவிட்டார் என்பதில் ஒரு பிள்ளையின் பத்து வருடம் இருக்கிறது. நோட்டில் 24 பொய்க் கையெழுத்தோடு படித்து முடித்தவர் நாளைக்கு அந்தத் திண்ணையில் உட்காருவார்.

படிப்புக்கு வரலாறு இல்லாமல் இல்லை. 1936-ல் பம்பாயில் தொடங்கிய டாடா பள்ளிதான் நாட்டில் முதல். 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். எழுபது வருடத்துக்கு மேல் பட்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு பதிவேடு கிடையாது. தொழிலை ஒழுங்குபடுத்தும் மன்றத்துக்கான சட்டம் செவிலியருக்கு 1947-லேயே வந்துவிட்டது, மருந்தாளுநருக்கு 1948-ல், வழக்கறிஞருக்கு 1961-ல். எங்களுக்கு 1993-ல் ஒரு மசோதாவின் வரைவு தயாரானது. வரைவாகவே இருக்கிறது. பிலிப்பைன்ஸ் 1965-லேயே சட்டம் போட்டு, தேர்வு எழுதி உரிமம் வாங்காமல் யாரும் சமூகப்பணியாளர் என்று தொழில் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டது. பணக்கார நாட்டுக் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது.

2021-ல் வந்த துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்துறையினர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவ, மனநல சமூகப்பணியாளர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள். நல்லது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரே பெஞ்சில் படித்த இரண்டு தோழிகள். ஒருத்தி ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அவளுக்குச் சட்டத்தில் இடமுண்டு, இன்னொருத்தி குழந்தைகள் இல்லத்திலோ சிறையிலோ பள்ளியிலோ சேர்ந்தால் அவள் யாருமில்லை. மனநலப் பக்கமும் நிம்மதியில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல சமூகப்பணியாளருக்கு இரண்டு வருட எம்.ஃபில். வேண்டும் என்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-ல் எம்.ஃபில்லையே நிறுத்திவிட்டு, இதற்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் பிறகு அவகாசம் கொடுத்தது. ஒரு கை கேட்கிற சான்றிதழை இன்னொரு கை ரத்து செய்கிறது.

சரி, மன்றம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பதிவுக் கட்டணம், புதுப்பிப்புக் கட்டணம், வருடத்துக்கு இத்தனை மணி நேரம் வெபினார் என்று அது ஒரு சான்றிதழ்க் கடையாகிவிடுகிற ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது. பயம் இன்னொன்றும் உண்டு. ரத்தப் பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் பதினைந்து வருடம் உட்கார்ந்து எச்.ஐ.வி. என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பேசிய ஆற்றுப்படுத்துநர்கள் (கவுன்சிலர்கள்) இருக்கிறார்கள். பட்டமே இல்லாமல் ஒரு ஒன்றியம் முழுக்கக் கொத்தடிமைக் குடும்பங்களை மீட்ட அக்காமார்கள் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் நான் பாதித் தொழிலைக் கற்றேன். பதிவேடு என்ற பெயரில் அவர்களை வெளியே நிறுத்தினால் அந்தப் பதிவேட்டில் எனக்கு இடம் வேண்டாம். அனுபவத்தை மதிப்பிட்டு உள்ளே அழைக்கிற இன்னொரு வாசலும் அதில் இருக்க வேண்டும்.

மத்தியச் சட்டம் வருகிறபோது வரட்டும். மாநிலத்தில், இந்த மேசையிலேயே செய்யக்கூடியதைக் கேட்கிறேன்.

செயலாளர் அவர்களே, உங்கள் துறையின் கீழ் ஒப்பந்தத்தில் இருக்கும் ஒவ்வொரு சமூகப்பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் தொழில் மேற்பார்வை வேலை நேரத்துக்குள்ளேயே உண்டு என்று ஓர் ஆணை போடுங்கள். ரிவ்யூ மீட்டிங் வேறு, இது வேறு என்று அந்த ஆணையிலேயே எழுதுங்கள். அதை நடத்த மாவட்டத்துக்கு ஒரு முதுநிலைச் சமூகப்பணியாளர் பணியிடம் உருவாக்கி, களத்தில் எட்டு பத்து வருடம் நின்றவர்களிலிருந்து நிரப்புங்கள். அவருக்கு ஃபைல் வேலை வேண்டாம். அந்த மாவட்டத்தில் களப்பணிக்கு வரும் மாணவர்களையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். அப்படிச் செய்தால் படிப்பும் வேலையும் ஒரே நாற்காலியில் சேரும், பதவி உயர்வுக்கும் ஒரு படி கிடைக்கும். மாவட்டத்துக்கு ஒன்று என்றால் 38 பேர். அரசின் கணக்கில் இது ஒரு செலவே இல்லை.

பேராசிரியர்களே, உங்களிடம் கேட்பது காசில்லாத விஷயம். ஐ.சி.க்கு முழு வகுப்பு நேரத்தின் மதிப்பு கொடுத்துப் பணிச்சுமையில் சேருங்கள். களப்பணி மதிப்பெண்ணுக்கு ஜிபிஎஸ் போட்டோவைக் கேட்பதை நிறுத்துங்கள். வைவாவில் ரிப்போர்ட்டின் கனத்தைப் பார்க்காமல், "இந்த வருடம் நீ செய்த ஒரு தவறைச் சொல், அதை யாரோடு பேசினாய்?" என்று கேளுங்கள். அப்புறம், பிள்ளைகள் ரிப்போர்ட்டைத் தமிழில் எழுத விடுங்கள். வேலைக்கு ஆங்கிலம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் தனியாக எழுதட்டும். ஆனால் ஒரு பாட்டி சொன்னதை அவள் சொன்னபடி எழுதப் பழகாதவர், அவளுக்கு என்ன வேண்டும் என்பதையும் கேட்டறிய மாட்டார். "மனசே சரியில்ல", "நெஞ்சு அடைக்குது", "வெளிய சொல்ல முடியாத கஷ்டம்", "செத்துரலாம்போல இருக்கு" இந்த நான்கும் வேறு வேறு. ஆங்கில நோட்டில் நான்கும் டிப்ரஸ்டு என்று ஒன்றாகிவிடுகிறது. கடைசி வாக்கியத்தைக் கேட்டுவிட்டு அப்படி ஒரு சொல்லை எழுதி மூடிவைத்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பையன் போன மாதம் போன் பண்ணினான். வைவாவில் 50-க்கு 43 வாங்கியிருக்கிறான். பாட்டியைத் திரும்பப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன். "களப்பணி முடிஞ்சிடுச்சேக்கா" என்றான். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "போகலாமாக்கா?" என்றான்.

ஜூலையில் எங்களிடம் ஆறு மாணவர்கள் வருகிறார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஐ.சி. வைத்திருக்கிறேன், ஒருவருக்கு ஒரு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு பேர்தான் முடிகிறது. இந்த மடலுக்குப் பதில் எழுத நேரமில்லையென்றால் ஒரு செவ்வாய்க்கிழமை நேரில் வந்து ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாணவரின் அனுமதியை நான் கேட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
எம்.எஸ்.டபிள்யூ. படித்து, ஒப்பந்தத்தில் ஒன்பது வருடம் இருந்து, இப்போதும் களத்தில் இருக்கும் ஒரு சமூகப்பணியாளர்